மூத்தோர்க்கு மட்டும் உரியதா ஆற்றுக் கப்பல்?

ஓர் ஆற்றின் வழியே பல நாள் கப்பலிலேயே தங்கி, உண்டு, உறங்கி, இடையிடையே கரையோர ஊர்களில் இறங்கிப் பார்த்துச் செல்லும் பயணத்தைச் சுற்றுலாத் தொழிலில் 'ரிவர் குரூஸ்' என்பார்கள். இப்பயணம் பணி ஓய்வு பெற்றவர்களுக்கே உரியது, இருபது முப்பது வயதினர் அதில் ஏறினால் பொழுது போகாமலும் பேச்சுத் துணை இல்லாமலும் தவிப்பார்கள் என்னும் கருத்து அத்தொழிலில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. விளம்பரப் படங்களில் நரைத்த தலைகளே தெரிவதும், இளையவர் ஒருவர் விசாரிக்க வந்தால் அவரை மலைக்கோ கடற்கரைக்கோ திருப்பி அனுப்புவதும் இக்கருத்தின் விளைவுகள். தென் கொல்கத்தாவின் கரியாஹாட் போன்ற ஒரு நடுத்தர வர்க்கப் பகுதியை மையமாகக் கொண்டு, அங்கிருந்து ஆற்றுக்குப் புறப்படுவோர் யார், எந்த ஆற்றுக்கு, எத்தனை நாளுக்கு, எந்தச் செலவில் புறப்படுகிறார்கள் என்று பார்த்தால், இக்கருத்து காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்திருப்பது புலப்படும். கப்பலில் ஏறுவோரின் வயதை ஆறு முடிவு செய்வதில்லை. கட்டணமும் விடுமுறையின் நீளமுமே முடிவு செய்கின்றன.

எதிர்த்தரப்பின் கூற்றில் உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொள்வதே முறை. ரைன், டான்யூப் ஆறுகளில் ஓடும் சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலோர் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. 1997-இல் தொடங்கப்பட்டு இன்று ஆற்றுக் கப்பல் தொழிலில் முன்னணியில் நிற்கும் வைகிங் நிறுவனம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதில்லை என்பதைத் தன் சிறப்பாகவே சொல்லிக்கொள்கிறது. ஹூக்ளியிலும் பிரம்மபுத்திராவிலும் ஓடும் விலை உயர்ந்த கப்பல்களின் பயணிகளும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் மூத்தவர்களே. ஆகவே வழக்கு, மூத்தவர்கள் மிகுதியா இல்லையா என்பது பற்றியதன்று. அந்த மிகுதி எதனால் வந்தது, அதிலிருந்து இளையவர்களைப் பற்றி என்ன முடிவுக்கு வரலாம் என்பதே கேள்வி.

இதற்கு இந்தியாவில் நன்கு அறியப்பட்ட சான்று 'கங்கா விலாஸ்' கப்பல். 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் பிரதமர் காணொலி வழியாகக் கொடியசைத்துத் தொடங்கிவைத்த அதன் முதல் பயணம், பாட்னா, கொல்கத்தா, டாக்கா வழியாக 51 நாள் திட்டத்தில், 27 ஆறுகளின் அமைப்பில், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் கடந்து அசாமின் திப்ரூகரை அடைவதாக வகுக்கப்பட்டது. பதினெட்டு அறைகளும் முப்பத்தாறு பேருக்கு இடமும் கொண்ட அக்கப்பலில் முதல் பயணத்தில் ஏறிய 32 பேரும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர்கள். இச்செய்தி வந்தபோது, ஆற்றுக் கப்பல் என்றால் வசதி படைத்த முதியோர் என்னும் எண்ணம் நம் நாட்டிலும் உறுதிப்பட்டது. ஆனால் 51 நாள் தொடர்ந்து விடுப்பு எடுக்கவும், அதற்குப் பல லட்சம் ரூபாய் கட்டவும் யாரால் முடியும்? சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாரில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் அத்தனை நாள் விடுப்புக் கிடையாது. கிடைத்தாலும் அவருடைய சேமிப்பு அதற்குப் போதாது. அவர் அக்கப்பலில் இல்லாததைக் கண்டு அவருக்கு ஆற்றில் விருப்பமில்லை என்று முடிவு கட்டுவது, பூட்டிய கதவின் வெளியே நிற்பவருக்கு உள்ளே வர மனமில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இந்தியாவின் இடைநிலை வயது, அதாவது மக்களில் சரிபாதியினர் அதற்குக் கீழும் சரிபாதியினர் அதற்கு மேலும் இருக்கும் வயது, ஏறத்தாழ இருபத்தெட்டு. சுவிட்சர்லாந்தில் அது நாற்பதைத் தாண்டியது. பின்னதைச் சேர்ந்த முப்பத்திரண்டு பேரை அளவுகோலாக வைத்து முன்னதன் ஆறுகளுக்கு வயது வகுப்பது எந்த வகையிலும் நியாயமாகாது.

இனி, கட்டணமும் நாளும் குறைந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கரியாஹாட்டிலிருந்து நடந்தே செல்லக்கூடிய பாலிகஞ்ச் ரயில் நிலையத்தில் கேனிங் செல்லும் லோக்கல் ரயில் நின்று செல்லும். கேனிங்கிலிருந்து சாலை வழியாகக் கோத்காலி படித்துறையை அடைந்தால், எதிர்க்கரையில் கோசாபா தீவும் அதற்கு அப்பால் சுந்தரவனமும் தொடங்குகின்றன. 1987-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலக் காட்டுக்கு இரண்டு இரவு, மூன்று பகல் என்னும் கணக்கில் பயணம் ஏற்பாடு செய்யும் சிறு நிறுவனங்கள் கொல்கத்தாவில் ஏராளம். வார இறுதியில் தென் கொல்கத்தாவின் முனைகளிலிருந்தே வேன்களில் ஆட்களை ஏற்றிச் செல்பவர்களும் அவர்களில் உண்டு. அந்த வேன்களில் ஏறுவோர் கல்லூரி மாணவர்கள், அலுவலக நண்பர் குழுக்கள், புதிதாக மணமானவர்கள், கைக்குழந்தையோடு வரும் இளம் பெற்றோர்கள். மூத்தவர்களும் வருகிறார்கள், ஆனால் அது முதியோர் பயணம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றாது.

அப்பயணத்தின் ஊர்தியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். 'லாஞ்ச்' என்று எல்லோரும் சொல்லும் அம்மரக்கலத்தில் கீழ்த்தட்டில் அடுக்குப் படுக்கைகள் கொண்ட தாழ்ந்த கூரையுள்ள அறைகளும், பின்புறத்தில் சமையலிடமும், மேல்தட்டில் துணிப்பந்தலின் கீழ் வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருக்கும். நாள் முழுவதும் எல்லோருக்கும் இருப்பிடம் அந்த மேல்தட்டுதான். கடல் ஓதம், அதாவது நாளுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வடிவது, சுந்தரவனத்தில் கடிகாரத்தின் வேலையைச் செய்கிறது: நீர் ஏறியிருக்கும்போது மட்டுமே குறுகிய ஓடைகளுக்குள் கலம் நுழைய முடியும், வடிந்தால் சேற்றுத் திட்டுகள் மேலெழுந்து, அவற்றில் முதலைகள் வெயில் காயும், மான்கள் நீர் விளிம்புக்கு இறங்கும். சஜ்னேகாலியில் வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொண்ட பிறகே காட்டுக்குள் செல்லலாம். இறாலும் நண்டும், மழைக்காலமாயின் இலிஷ் மீனும் சுடச்சுட மேலே வரும். மாலையில் கரையோர ஊரில் வனதேவதை பொன்பீபியின் கதையை நாட்டார் நாடகமாக நடத்துவார்கள். மூன்று நாளும் பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பயணம். மெதுவான பயணம் இளையவர்களுக்குப் பிடிக்காது என்னும் வாதம் அந்த மேல்தட்டில் நிற்க இடமின்றிப் போகிறது. அங்கே உண்மையில் எழும் குறை இதற்கு நேர் எதிரானது. குளிர்காலத்தில் இளையோர் கூட்டம் அளவுக்கு மிஞ்சி வருகிறது, சிலர் ஒலிபெருக்கி வைத்துக் காட்டின் அமைதியைக் கெடுக்கிறார்கள் என்பதே அக்குறை. அது களைய வேண்டிய தீமைதான். ஆயினும் இளையவர்கள் ஆற்றுக்கு வருவதில்லை என்று சொல்வோர் இந்தக் குறையை ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பினர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். சுந்தரவன லாஞ்ச் வெறும் உல்லாசப் படகு, 'குரூஸ்' என்பது வேறு என்பார்கள். கலத்தில் தங்குகிறார்கள், உண்கிறார்கள், ஆற்றிலேயே நாள்களைக் கழிக்கிறார்கள், இடையிடையே இறங்கிப் பார்க்கிறார்கள். வரையறையின் எல்லா உறுப்புகளும் பொருந்தியிருக்க, விலை குறைவு என்னும் ஒரே காரணத்துக்காக அதை வேறு வகையில் சேர்ப்பது வரையறைக்குள்ளேயே முடிவை ஒளித்து வைப்பதாகும். விலை உயர்ந்ததை மட்டும் ஆற்றுக் கப்பல் என்று கொண்டு, பிறகு அதில் பணம் படைத்த மூத்தவர்களே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் புதிய அறிவு எதுவும் இல்லை.

இன்னொரு வாதம் உடல் வலு பற்றியது. ஆற்றுக் கப்பலில் அலைச்சல் இல்லை, பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தால் போதும், ஆகையால் அது இயல்பாகவே முதியோர்க்கு ஏற்றது என்பார்கள். ஐரோப்பாவைப் பொறுத்தவரை இது பெரிதும் சரி. அங்கே கப்பல் நகரத்தின் நடுவிலேயே, ஆற்றோடு ஏறி இறங்கும் மிதவை மேடையில் அணைகிறது. பயணி சமதளத்தில் நடந்து தேவாலயத்துக்கோ காப்பிக்கடைக்கோ போகலாம். வங்கத்து ஆறு அப்படிப்பட்டதன்று. கொல்கத்தாவிலிருந்து வடக்கே செல்லும் கப்பல், பிரெஞ்சுக்காரர் 1950 வரை ஆண்ட சந்தன்நகரையும், 1809-இல் கட்டப்பட்ட நூற்றெட்டுச் சிவன் கோயில் தொகுதியுள்ள கால்னாவையும், பித்தளைப் பாத்திரம் அடிக்கும் மாட்டியாரியையும், 1757-இல் போர் நடந்த பிளாசியையும், ஹஜார்துவாரி அரண்மனை நிற்கும் முர்ஷிதாபாத்தையும் தொட்டுச் செல்லும். இவற்றில் பல இடங்களில் முறையான இறங்குதுறை கிடையாது. கப்பலின் விளிம்பிலிருந்து மண்கரைக்கு ஒரு நடைபலகையைச் சாய்ப்பார்கள்; அல்லது நாட்டுப்படகில் மாற்றி இறக்குவார்கள். குளிர்காலத்தில் நீர்மட்டம் தாழும்போது கரை செங்குத்தாக உயர்ந்து நிற்கும். ஓதம் எட்டும் தெற்குப் பகுதியின் படித்துறைகளில் நீர் வடிந்தபின் கீழ்ப்படிகள் வழுவழுப்பான வண்டல் பூசி இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஹூக்ளியில் கடலிலிருந்து சுவர்போல் எழுந்து மேல்நோக்கி வரும் ஓதப் பேரலையை வங்காளிகள் 'பான்' என்பார்கள்; அது வரும் வேளையில் படகுப் போக்குவரத்தை நிறுத்திவைப்பதும் உண்டு. இத்தகைய ஆற்றில் ஏறி இறங்க முழங்கால் வலுவுள்ளவர்களே முதலில் பொருத்தமானவர்கள். உடல் வலுவை அளவுகோலாகக் கொள்வதாயின், வங்கத்தின் ஆறு இளையவர்களைத்தான் அழைக்கிறது. மூத்தவர்களுக்காகத் துறைகளைச் செப்பனிட வேண்டிய கடமையே எஞ்சுகிறது.

வயது கலந்தால் ஒட்டாது என்னும் அச்சமும் வேறொரு மண்ணிலிருந்து வந்ததே. மகன் ஒரு வீட்டிலும் பெற்றோர் வேறொரு ஊரிலும் வாழ்ந்து, விடுமுறையையும் தனித்தனியே கழிக்கும் சமூகத்தில், அறுபத்தைந்து வயதினர் நிறைந்த உணவு மேசையில் முப்பது வயதினர் அயலாராக உணரலாம். கொல்கத்தாவின் பழக்கம் அதுவன்று. பூஜை விடுமுறையில் பாட்டி, மகள், பேரன் என்று மூன்று தலைமுறையும் ஒரே ரயில் பெட்டியில் புரிக்கோ டார்ஜிலிங்குக்கோ போவது அங்கே இயல்பு. ராஷ்பிகாரி அவென்யூ வழியாகக் கரியாஹாட்டிலிருந்து மேற்கே சென்றால் வரும் லேக் மார்க்கெட் பகுதியில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், ஊரிலிருந்து வரும் மூத்தவர்களைத் தட்சிணேசுவரத்துக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து பேலூர் மடத்துக்குப் படகில் கொண்டுபோவது வழக்கம். அப்படகில் யாருடைய வயதும் யாருக்கும் இடைஞ்சலாவதில்லை. காசி யாத்திரை என்பதே நம்மிடம் வயதானவர்களை இளையவர்கள் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பயணமாகத்தான் இருந்துவருகிறது.

வரலாறு இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1844-இல் தோன்றிய இந்தியா ஜெனரல் நாவிகேஷன் கம்பெனியும், 1862-இல் தோன்றிய ரிவர்ஸ் ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியும் நடத்திய நீராவிக் கப்பல்கள் நூறாண்டுக் காலம் வங்கத்தையும் அசாமையும் இணைத்தன. சியால்தாவில் ரயிலேறி, பத்மா ஆற்றின் கரையில் கோயாலந்தோவில் இறங்கி, அங்கிருந்து ஸ்டீமரில் நாராயண்கஞ்சுக்குச் செல்வது கிழக்கு வங்கத்தாருக்கு அன்றாட வழி. கல்லூரி விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவன், வேலை தேடி வரும் இளைஞன், புகுந்த வீடு செல்லும் மணப்பெண், தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட கூலித் தொழிலாளி ஆகியோரே அதன் தளத்தை நிரப்பியவர்கள். அந்த ஸ்டீமர் பணியாளர்கள் சமைத்த கோழிக்கறி இன்றும் வங்காளிச் சமையலில் கோயாலந்தோ என்னும் பெயரோடு வாழ்வது, அப்பயணத்தை இளமையில் செய்தவர்கள் அதை எவ்வளவு ஆசையோடு நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்குச் சான்று. 1947-இன் பிரிவினை அவ்வழியை முறித்தது. 1965-இன் இந்திய–பாகிஸ்தான் போரோடு ஊடுபோக்குவரத்து முற்றாக நின்றது. கரியாஹாட்டின் நடைபாதைக் கடைக்காரர்களில் எத்தனையோ பேருடைய முன்னோர், அந்த ஆறுகளின் கரைகளிலிருந்து அகதிகளாக வந்தவர்களே. அவர்களின் பேரன் பேத்தியரைப் பார்த்து ஆறு உங்கள் வயதுக்கு உரியதன்று என்று சொல்வது, வரலாறு அவர்களிடமிருந்து பறித்ததை இயற்கையின் விதியாகக் காட்டுவதாகும்.

ஆற்றில் நாள்கணக்கில் வாழ்ந்து அதை எழுத்தாக்கியவர்களும் இளையவர்களே. 1861-இல் பிறந்த ரவீந்திரநாத் தாகூர், குடும்ப நிலங்களை மேற்பார்வையிடக் கிழக்கு வங்கத்துக்குச் சென்று 'பத்மா' என்னும் வீட்டுப்படகில் மாதக்கணக்கில் தங்கியபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டியது. பின்னர் 1912-இல் 'சின்னபத்ர' என்னும் தொகுப்பாக வந்த கடிதங்களில் பெரும்பகுதி 1887-க்கும் 1895-க்கும் இடையில், அதாவது அவருடைய இருபத்தாறுக்கும் முப்பத்துநான்குக்கும் இடைப்பட்ட வயதில் எழுதப்பட்டவை. 'பத்மா நதிர் மாஜி' என்னும் புதினம் 1936-இல் நூலாக வந்தபோது அதன் ஆசிரியர் மாணிக் பந்தோபாத்யாயவுக்கு முப்பது வயது ஆகவில்லை. தமிழிலும் இதற்கு இணை உண்டு: 1934-இல் பாரதிதாசன் நண்பர் குழுவோடு பக்கிங்காம் கால்வாயில் முழுநிலா இரவில் படகேறி மாமல்லபுரம் சென்றதே 'மாவலிபுரச் செலவு' பிறந்த கதை; அக்குழுவில் இருந்த ப. ஜீவானந்தமும் குத்தூசி குருசாமியும் அப்போது முப்பதை எட்டாதவர்கள்.

எதிர்த்தரப்பின் வலிமையான சான்றாக எடுத்துக்காட்டப்படுவது 'யூ பை யூனிவேர்ல்டு' என்னும் ஐரோப்பிய முயற்சி. இளையவர்களுக்கென்றே இரண்டு ஆற்றுக் கப்பல்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, இருபத்தொன்றிலிருந்து நாற்பத்தைந்து வயது வரை என்று வரம்பு கட்டி விளம்பரப்படுத்திய அந்நிறுவனம், 2018-இல் பயணம் தொடங்கும் தறுவாயிலேயே மேல்வரம்பை நீக்கியது. பின்னர் அந்த வணிகப் பெயரும் நிலைக்கவில்லை. இளையவர்களுக்கு ஆறு ஒத்துவராது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்கிறார்கள். ஆனால் மேல்வரம்பு நீங்கியதற்கு நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களும் அப்பயணத்தை விரும்பிக் கேட்டதே காரணமாகச் சொல்லப்பட்டது. மிதிவண்டிச் சுற்று, இரவு நீளும் இசை, நகரத்தில் கூடுதல் நேரம் ஆகியவற்றை மூத்தவர்களும் கேட்டார்கள் என்றால், வயதுக்கு வயது விருப்பம் அடியோடு வேறுபடுகிறது என்னும் கொள்கைதான் முதலில் விழுகிறது. மேலும் அங்கே மாற்றப்பட்டவை வண்ணமும் நிகழ்ச்சி நிரலுமே. ஓரிரண்டு நாளில் முடிந்து, ரயில் கட்டணத்தோடு ஒப்பிடத்தக்க செலவில் அமையும் பயணமாக அது மாறவில்லை. தடையை அப்படியே விட்டுவிட்டு விளம்பரத்தை மாற்றிய முயற்சியின் தோல்வி, தடையைப் பற்றித்தான் சொல்லுமே அன்றி இளையவர்களின் மனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தடை நீங்கிய இடங்களில் விடை தெளிவாகவே இருக்கிறது. ஆலப்புழையில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் ஓரிரவு தங்கும் படகுவீடுகளாக மாறிய பின், தமிழ்நாட்டிலிருந்து தேனிலவுக்குச் செல்வோரின் முதன்மையான இடங்களுள் ஒன்றாக அது ஆயிற்று. 2020 அக்டோபரில் மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகம் மில்லேனியம் பார்க் படித்துறையிலிருந்து ஒன்றரை மணி நேர மரபுப் பயணத்தை 39 ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கியது. கல்லூரி மாணவர் ஒருவர் கைச்செலவுப் பணத்திலேயே ஹூக்ளியின் பழைய படித்துறைகளை நீரிலிருந்து பார்க்க அது வழிசெய்தது. பிரின்செப் படித்துறையில் மாலைதோறும் நாட்டுப்படகை வாடகைக்கு எடுப்போரும் பெரும்பாலும் இளம் இணையர்களே. இவை சிறு பயணங்கள்தான். ஆனால் இவற்றுக்கும் 51 நாள் பயணத்துக்கும் இடையில், மூன்று நாள் நடுத்தரக் கட்டணத்தில் ஹூக்ளியில் மேலேறிச் செல்லும் வழக்கமான சேவை எதுவும் வேரூன்றவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் இளையவர்களின் விருப்பமின்மை என்று தவறாகப் படிக்கிறார்கள்.

இத்தவறான வாசிப்பு பேச்சோடு நிற்பதாயின் இவ்வளவு மறுக்க வேண்டியதில்லை. அது பொதுப்பணம் செல்லும் திசையையே முடிவு செய்கிறது. ஹல்தியாவிலிருந்து அலகாபாத் வரை 1,620 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கை வழி 1986-இலேயே முதலாம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் கொல்கத்தாவில் 'கேஞ்சஸ் குயின்' கப்பலில் கூடிய உள்நாட்டு நீர்வழி வளர்ச்சி மன்றத்தின் முதல் கூட்டத்தில், ஆற்றுக் கப்பல் சுற்றுலாவுக்கு 2047-க்குள் 45,000 கோடி ரூபாய் முதலீடு என்னும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பயணி என்றாலே வசதியுள்ள மூத்தவர் என்னும் முன்முடிவோடு இத்தொகை செலவிடப்பட்டால், சொகுசு அறைகளும் தனித்துறைகளும் பெருகும். கால்னாவின் வழுக்கும் படிக்கட்டு அப்படியே கிடக்கும்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. வெள்ளிக்கிழமை மாலை கொல்கத்தாவில் புறப்பட்டு, சந்தன்நகர், கால்னா, நவத்வீபம் என்று சென்று, ஞாயிறு இரவு ரயிலில் திரும்ப வசதியாக இறக்கிவிடும் ஒரு கலம், அதில் ரயிலின் குளிர்சாதனப் படுக்கைப் பெட்டியைப் போன்ற அடுக்குப் படுக்கைகள், அதற்கேற்ற கட்டணம், நான்கு ஊர்களில் உறுதியான மிதவைத் துறை. மேற்கு வங்க அரசும் நீர்வழி ஆணையமும் சேர்ந்து இதை இரண்டு பருவம் நடத்திக் காட்ட வேண்டும். அதை நடத்திப் பார்க்கும்வரை, இளையவர்களுக்கு ஆற்றுக் கப்பல் பொருந்தாது என்று சொல்லும் உரிமை எந்த முகவருக்கும் எந்த அதிகாரிக்கும் கிடையாது.